மஞ்சள் ஒயர், கருப்பு ஒயர்

பழைய வண்ணாரப்பேட்டையில் கமாலின் டிவி ரிப்பேர் கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போக வேண்டும். பெரிய டிவியை வாங்கிவிட்டு அதில் பழைய பிளேயரைச் சொருகுகிறவனைக் கண்டாலே அந்த மனிதருக்கு ஆகாது. வீடு பூராவும் மார்பிள் போட்டுவிட்டுக் கொல்லையில் சாக்கடையைத் திறந்து விட்டவன் என்பார். 2009 நவம்பரில் ஒரு மழை நாள், பன்னிரண்டு மணிக்கு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சங்கமித்ரா உள்ளே வந்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்து அவர் திட்டை ஒத்திவைத்தார்.

"மூணு மணிக்கு என்கொயரி பாய்," என்றாள். "டிஸ்க் பிளேயர் ஒண்ணு வோணும். அதுக்கு ஒயரு வோணும். போன தபா மாதிரி படம் கலீஜா வந்துச்சின்னா என் வூட்டுக்காரர் கதை முடிஞ்சிது."

"டிவி இன்னா டிவி?"

"கம்பெனியுது. நாப்பத்திரண்டு இன்ச்சு, எச்.டி. பாரின் பார்ட்டிங்களுக்குப் படம் காட்ட மாட்டி வச்சிகீறாங்க."

"போன தபா எத்தச் சொருகினாங்கோ?"

"மஞ்ச ஒயரு."

கமால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வேலை மட்டும் போகிற விஷயமாக இருந்தால் சங்கமித்ரா இத்தனை ஓட்டம் ஓடியிருக்க மாட்டாள். தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் அடுப்பெரிய அவள் சம்பளம் போதும். ஆனால் வேலையோடு சேர்த்து ஒரு சாவையும் அவள் புருஷன் வல்லரசு தலையில் கட்டப் பார்த்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வல்லரசு எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் மேஸ்திரி. கொக்கியில் சங்கிலியை மாட்டுவது, தூக்கு என்று கை காட்டுவது எல்லாம் அவன் ஆட்களின் வேலை. கிரேன் கொக்கியின் வாயில் நாக்கு மாதிரி ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். லாட்ச் என்பார்கள். மாட்டிய சங்கிலி நழுவி வெளியே வராமல் தடுப்பது அதுதான். அக்டோபர் மாதம் ஒரு காலையில் பைப் கட்டு ஒன்றைத் தூக்கும்போது சங்கிலி நழுவியது. கீழே நின்ற வேதமாணிக்கம் அந்த இடத்திலேயே செத்துப்போனான். வல்லரசுக்கு அவன் பதினோரு வருஷ தோஸ்து, ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவர்கள். லாட்ச்சைப் பின்னால் இழுத்துக் கயிறு கட்டியிருந்தது என்று கம்பெனி கண்டுபிடித்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அன்று காலை மேஸ்திரிதான் அப்படிக் கட்டினான் என்று குற்றப்பத்திரிகையும் கொடுத்துவிட்டது.

அன்று காலை கட்டியது இல்லை, ஆயுத பூஜையன்று கட்டியது என்று வல்லரசு ஒரே பதிலைத்தான் சொன்னான். யார்டில் எல்லா கிரேனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கொக்கியின் வாயில் மாலையைச் சுற்றி, நடுவில் பெரிய எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். லாட்ச் குறுக்கே நின்றால் பழம் உட்காராது. அதனால் அதைப் பின்னால் இழுத்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். பூஜைக் கயிற்றை அறுக்கக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும் என்று யார்டில் ஒரு பேச்சு. வருஷா வருஷம் நூல் கயிறு, ரெண்டு தூக்கு தூக்கினால் அறுந்துவிடும். இந்த வருஷம் எந்தப் புண்ணியவானோ நைலானில் மஞ்சள் கயிறு வாங்கி வந்திருந்தார். பழம் வாடி விழுந்தது, மாலை உதிர்ந்தது, பத்து நாளாகியும் கயிறு அப்படியே இருந்தது.

"நீ தெனம் பாத்தியே, அறுத்துப் போட்டா இன்னாய்யா?" என்று சங்கமித்ரா ஒருமுறை கேட்டாள்.

"நான் அறுத்தா இன்னா ஆவும் தெரியுமா? பூஜையில கை கூப்பாதவன், பௌத்தக்காரன், வோணும்னே அறுத்துட்டான்னு யார்டே பேசும். நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு உட்டுட்டேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். தன் பங்குத் தப்புக்கு அவன் தன்னையே தண்டித்துக்கொண்டிருந்தான். சோறு பாதிக்கு மேல் இறங்குவதில்லை. ஆனால் கட்டியது யார் என்று கேட்டால் மட்டும், கூட்டமா இருந்துச்சி, தெரியல, உட்டுடு மித்ரா என்பான். யார்டில் மற்ற ஆட்களைக் கேட்டாலும் அதே தெரியலதான்.

பூஜையை வீடியோ எடுத்திருந்தார்கள். காலடிப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் எடுத்தது. அவர் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்த டிவிடியைத்தான் போன விசாரணையில் காட்டினார்கள். அவ்வளவு பெரிய திரையில் கொக்கி ஒரு பழுப்பு உருண்டையாகவும், பழம் அதன் மேல் ஒரு மஞ்சள் கறையாகவும் தெரிந்தது. லாட்ச் எங்கே, கயிறு எங்கே, கட்டுகிறவன் யார், ஒன்றும் விளங்கவில்லை. விசாரணை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அடுத்த வாய்தாவில் தெளிவாகக் கொண்டுவந்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் இருக்கிறதை வைத்து முடித்துவிடுவேன் என்றார். அந்த வாய்தா இன்று மூன்று மணிக்கு.

வீடியோக்காரர் வீட்டு வாசலில் சங்கமித்ரா மூன்று நாள் நின்றாள். அவருடையது புது எச்.டி. கேமரா, எடுத்தது எடுத்தபடி முழுத் தெளிவோடு ஒரு ப்ளூரே டிஸ்க்கில் எழுதித் தருகிறேன் என்று சொல்லி, இன்று காலைதான் கையில் கொடுத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்கு ஓடினார். அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

கமால் முதலில் ஒரு டிவிடி பிளேயரை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"பழைய டிவிடியவே எச்.டி. ஆக்கிக் குடுக்கும்னு டப்பா மேல போட்டுகீறான் பாரு, அத்த நம்பாத. இல்லாதத்த எங்கேர்ந்து கொண்டாருவான்? இருக்கிறத்த இஸ்துப் பெருசாக்கி, நடுவுல அவனே ரொப்பிக்குவான்."

"எங்க டாக்டரும் அப்படித்தான் பாய். மங்கலா வந்த எக்ஸ்ரேவப் பெருசாக்கிக் குடும்பாரு. மங்கல்தான் பெருசாவும், விரிசல் தெரியாது."

"ஆங். நீ புரிஞ்சவ," என்றார் கமால். அவர் வாயால் அப்படிக் கேட்டவர்கள் அந்தத் தெருவில் குறைவு. "அப்ப உனக்கு ப்ளூரே பிளேயர்தான். இந்த டிஸ்க்க வேற எதுவும் படிக்காது."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராயபுரத்தில் ஒரு மீன் ஏற்றுமதிக்காரர் சொல்லி வரவழைத்தது. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் மாட்டியாக வேண்டும். "அஞ்சரைக்கு என் கைல இருக்கணும். ஒரு கீறல் உழுந்தாலும் அந்தாளு என்னை இறாலோட சேத்து ஐஸ் பொட்டில வச்சி அனுப்பிருவாரு."

பிறகு ஒயர்களை எடுத்துப் பரப்பினார். மஞ்சள் ஒயரில் படம் மொத்தமும் ஒரே சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும், சத்தம் வரவே வராது என்றார். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தலை வைத்த ஒயரில் பரவாயில்லை, ஆனால் படம் மட்டும்தான் வரும், சத்தத்துக்கு வேறு ஒயர் வேண்டும். தட்டைத் தலை வைத்த கருப்பு ஒயரில், அதுதான் எச்.டி.எம்.ஐ., கேமரா பார்த்ததும் கேட்டதும் அப்படியே வரும்.

கண்ணாடி அலமாரியில் தடியாக ஒன்று மின்னியது. அவள் அதைக் காட்டினாள்.

"அது தங்க முலாம். துட்ட வச்சிகினு இன்னா பண்றதுன்னு தெரியாதவனுக்கு. கருப்பு ஒயருல படம் வந்தா முழுசா வரும், வரலன்னா சுத்தமா வராது. சாதாவே போதும்." அவர் சுருட்டி அவள் பையில் போட்டார். "இங்கியே ஒரு தபா பாத்துரு. அங்கப் போயி முழிக்காத."

கடையில் சோதனைக்கு இருந்தது பழைய டப்பா டிவி. அதில் கருப்பு ஒயருக்குத் துளை இல்லை. மூன்று தலை ஒயரைச் சொருகினார். சத்தமில்லாமல் படம் ஓடியது. பூசணிக்காய், கற்பூரம், பொரி. பிறகு மஞ்சள் கிரேன் வண்டி ஒன்றின் கை கீழே இறங்கி, கொக்கி திரையின் நடுவுக்கு வந்தது.

இப்போது எல்லாம் தெரிந்தது. லாட்ச் தெரிந்தது. அதைச் சுற்றி மஞ்சள் கயிறு போவது தெரிந்தது. கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும் இரண்டு கைகள் தெரிந்தன. கேமரா மெல்ல மேலே போனது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் எலுமிச்சம்பழத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தான் வேதமாணிக்கம்.

"கெடச்சிருச்சே," என்றார் கமால். "உன் வூட்டுக்காரர் இல்ல. வேற யாரோ."

வல்லரசு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சங்கமித்ராவுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. யார்டில் அத்தனை பேரும் ஏன் திறக்கவில்லை என்பதும் புரிந்ததாக நினைத்தாள். வேதமாணிக்கத்தின் பெண்டாட்டி சிலுவையம்மாளுக்கு ஆபீஸில் வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. இறந்தவர் பேரில் தப்பில்லை என்று விசாரணை முடிந்தால் தருவோம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள் அவள்.

"அந்த மஞ்ச ஒயரையும் போடு பாய்."

"இம்மா நேரம் இன்னா சொல்லிகினு இருந்தேன் நானு?"

"போடு பாய். பையில கெடக்கட்டும்."

கமால் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் மஞ்சள் ஒயரையும் சுருட்டிப் போட்டார்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வல்லரசுக்குப் போன் போட்டாள். "பாத்துட்டேன்யா. கட்டினது வேதம் அண்ணன்."

மறுமுனையில் லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும். பூஜையப்ப நான் கேட்டாண்ட இருந்தேன். அவன்தான் அப்பால வந்து சொன்னான், நான்தான்டா கட்டினேன், எப்படி குந்திச்சி பாத்தியா பழம்னு. அந்த டிஸ்க்க எடுத்துகினு வராத மித்ரா."

"வராம? ஆளக் கொன்னவன்னு எழுதிக் குடுப்பாங்க, மடிச்சி பாக்கெட்ல வச்சிகினு வருவியா?"

"அவன் போயிட்டான். நான் உயிரோட கீறேன். எனக்கு வேற யார்டு கெடைக்காதா?"

"கெடைக்காது. கொலகார மேஸ்திரிய எவன்யா சேத்துக்குவான்?"

அவன் போனை வைத்துவிட்டான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்தவன் மேல் கோபம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மாட்டுக்கறிக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, தங்கச்சி கைக்கு வளையல் போடணும் என்று சொல்லிவிட்டுப் போவான், அவன் மேல் எப்படிக் கோபப்படுவது என்று அதற்கும் ஒரு கோபம். புருஷன் மேல் கோபம். தன் மேலும்தான். விரிசல் தெரிகிற படத்தைப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று சொன்னவள் இல்லை அவள். இன்று பையில் மஞ்சள் ஒயர் வைத்திருக்கிறாள்.

திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய வரை கண்டெய்னர் லாரிகள், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் கீழே இறங்கி டயருக்கு அடியில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டு பத்து. "இனிமே நவுறாதும்மா," என்றான் ஆட்டோக்காரன். பிளேயர் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் முழங்கால் வரை சேறு. ஒரு பள்ளத்தில் கால் போய்ச் செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. பெட்டி நனையக் கூடாது என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. யார்டு கேட்டுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால்.

கேட் பக்கத்து ஷெட்டில் சிலுவையம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். விசாரணை முடிவில் கையெழுத்து வாங்க அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். சங்கமித்ராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வல்லரசு கட்டிய கயிற்றால்தான் உன் புருஷன் செத்தான் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். காசிமேட்டுக் கல்லறையில் வல்லரசு ஒரு பிடி மண் போட வந்தபோது எல்லோர் முன்னாலும் அவன் கையைத் தட்டிவிட்டவள் அவள்.

சங்கமித்ரா பேசாமல் மாடிக்குப் போயிருக்கலாம். எந்த ஒயரைச் சொருகுவது என்று போகும் வழியில் முடிவு செய்துகொண்டிருக்கலாம். ஆனால் இவளுக்குத் தெரியாமல் இவளைப் பற்றி முடிவு செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"உன் ஆளுக்கு வக்காலத்தா?"

"கயித்தக் கட்டினது வேதம் அண்ணன். பூஜையன்னிக்கு. டிஸ்க்குல கீது, இப்பதான் பாத்துட்டு வரேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "என் பையில ரெண்டு ஒயரு கீது. ஒண்ணப் போட்டா தெரியும், ஒண்ணப் போட்டா தெரியாது. தெரிஞ்சா உன் வேல போவும். தெரியலன்னா இவுரு போவாரு. எனக்கு ஒண்ணியும் புரியலக்கா."

சிலுவையம்மாள் தன்னை அடிப்பாள் என்றுதான் சங்கமித்ரா நினைத்தாள். கிரேன் ஒன்று எங்கோ ரிவர்ஸில் போகும் மணிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அவுரு மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டாள் கடைசியில்.

"தெரியுது."

"நல்லா?"

"பழத்தப் பல்லுல கவ்விகினு சிரிக்கிறாரு."

"பொட்டியத் தொறக்கவே உடல மித்ரா," என்றாள் சிலுவையம்மாள். "பாக்குற மாதிரி இல்லன்னு ஆணி அடிச்சிக் குடுத்துட்டாங்க. நாப்பது நாளா கண்ண மூடினா மூஞ்சியே வரமாட்டேங்குது, பொட்டிதான் வருது." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நல்ல ஒயரையே போடு. அந்தாளு கட்டினாரா, உன் ஆளு கட்டினாரா, நான் பாக்கணும். யார் மேல கோவப்படறதுன்னாவது எனக்குத் தெரியட்டும்."

"வேல, அக்கா?"

"மீன் கூடை தூக்கத் தெரியும் எனக்கு."

மாடியில் மேனேஜர் அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் வக்கீலும், கம்பெனி தரப்பில் வழக்கை நடத்துகிற பாதுகாப்பு அதிகாரி பக்தவச்சலமும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி, அதில் வல்லரசு. சுவரில் அந்தப் பெரிய டிவி. சேற்றுக் காலோடு மனைவி உள்ளே வருவதையும், அவள் பின்னால் சிலுவையம்மாள் வருவதையும் பார்த்து வல்லரசு எழுந்துவிட்டான். பையிலிருந்து கருப்பு ஒயரை அவள் எடுத்தபோது வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை.

"சார், இது ஆவணப் பட்டியல்ல இல்லாத டிஸ்க்," என்றார் பக்தவச்சலம். "எங்க வேணும்னாலும் எடிட் பண்ணியிருக்கலாம். தவிர, கம்பெனி டிவியில கண்டதையும் சொருக நான் அனுமதிக்க முடியாது."

"தெளிவா கொண்டு வரச் சொன்னதே நான்தான்," என்றார் வக்கீல். "போடும்மா."

டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம்தான். தடவித் தடவித் துளையைக் கண்டுபிடித்துச் சொருகினாள். மறுமுனையைப் பிளேயரில் சொருகினாள். திரை நீலமாகவே இருந்தது. சிக்னல் இல்லை என்று மூலையில் எழுத்து வந்தது. வந்தால் முழுசா வரும், வரலன்னா சுத்தமா வராது. அவள் கழற்றிச் சொருகினாள். மறுபடி நீலம். லாரிகளுக்கு நடுவில் எங்கேயாவது பிளேயர் நனைந்துவிட்டதோ என்று அதைத் தடவிப் பார்த்தாள்.

"மூணே கால் ஆகுது சார்," என்றார் பக்தவச்சலம். "எனக்கு இன்ஸ்பெக்ஷன் இருக்கு. இருக்கிறத வச்சி முடிச்சிடலாமே."

டிவியின் பக்கவாட்டில் வரிசையாகப் பட்டன்கள் இருந்தன. எந்தத் துளையைப் பார்க்க வேண்டும் என்று டிவிக்குச் சொல்ல வேண்டும். ஸ்கேன் சென்டர் மானிட்டரில் தினமும் செய்கிற வேலைதான், பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. ஒன்று அமுக்கினாள், நீலம். இன்னொரு தடவை, நீலம். மூன்றாவது தடவை அறை முழுக்க மேளச் சத்தம் பாய்ந்தது.

படம் வந்தது. சுவரில் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. கற்பூரப் புகை சுருள் சுருளாகத் தெரிந்தது. கிரேன் கையில் அடித்திருந்த பெயின்ட் உரிந்திருப்பது தெரிந்தது. கொக்கி நடுவுக்கு வந்தது. லாட்ச், மஞ்சள் கயிறு, நகத்தில் கிரீஸ் படிந்த இரண்டு கைகள். கேமரா மேலே போனது. எலுமிச்சம்பழத்துக்கு மேலே வேதமாணிக்கத்தின் கண்கள் சிரித்தன. சிலுவையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வல்லரசு குனிந்துகொண்டான்.

சங்கமித்ராதான் முதலில் பார்த்தாள். படம் பார்த்துப் பழகிய கண். கடையில் டப்பா டிவியில் படம் இவ்வளவு அகலமாக இல்லை. சதுரத் திரைக்குப் பொருந்துவதற்காக இரண்டு ஓரத்தையும் வெட்டியிருந்தது. எல்லோர் வீட்டிலும் டப்பா டிவி என்பதால் வீடியோக்காரர் கொடுத்த டிவிடியிலும் அப்படியே வெட்டியிருந்தார். இந்தத் திரையில் ஓரமும் இருந்தது. இடது ஓரத்திலிருந்து மூன்றாவதாக ஒரு கை நீண்டு, கட்டைவிரலால் லாட்ச்சைப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கடையில் அந்த விரல் மட்டும் தெரிந்தது, அதையும் வேதமாணிக்கத்தின் விரல் என்றே நினைத்திருந்தாள். வெள்ளை முழுக்கைச் சட்டை. தோளுக்கு மேலே வெள்ளை ஹெல்மெட், நெற்றி நிறைய சந்தனம். பக்தவச்சலம்.

மேளம் ஒரு மூச்சு நின்றது. அந்த இடைவெளியில் குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் இறுக்கிக் கட்டுய்யா. பழம் விழுந்தா அபசகுனம்."

திரையில் வேதமாணிக்கம் பழத்தைக் கவ்விக்கொண்டே தலையாட்டிவிட்டுக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான். யார்டு மொத்தமும் எதற்காக வாயை மூடியிருந்தது என்று சங்கமித்ராவுக்கு இப்போதுதான் நிஜமாகப் புரிந்தது. செத்தவனுக்காக மூடிய வாய் இல்லை அது. நாளைக்கு வேலைக்கு வர வேண்டுமே என்று மூடிய வாய்.

"நிறுத்தும்மா," என்றார் வக்கீல். "கொஞ்சம் பின்னாடி போ. ஆங், அங்கேயே."

மறுபடி அதே கட்டைவிரல். அதே குரல். வக்கீல் மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு காகிதக் கட்டைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார்.

"லாட்ச் கட்டியிருந்ததே விபத்து அன்னிக்குத்தான் உங்களுக்குத் தெரியும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?"

"அது பூஜை சார்," என்றார் பக்தவச்சலம். "எல்லாரும்தான் தொட்டோம். ஒரு நாள் விசேஷத்தில போய் யார் கணக்குப் பாக்கறது? மறுநாள் அவுத்திருக்கணும். மேஸ்திரி அவன்தானே?"

"ஆமா சார்," என்றான் வல்லரசு தலையைத் தூக்காமல். "அறுத்திருக்கணும். பயந்துட்டேன். அதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க. காலையில நான் கட்டினேன்னு மட்டும் எழுதாதீங்க."

"எழுதல," என்றார் வக்கீல். பேனாவின் மூடியைக் கழற்றினார். "பக்தவச்சலம் சார், நீங்க எழுந்து அந்தப் பக்கம் வந்து உக்காருங்க. உங்க வாக்குமூலத்தைப் புதுசா எழுதணும்."

அந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. வல்லரசு அதை விட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றான். பக்தவச்சலம் மேஜையைச் சுற்றி வந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்தவர் உட்காரவில்லை. அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே டிவி. அவருடைய முகம் அவரைவிடப் பெரிதாக அதில் நின்றிருந்தது.

"முதல்ல அத ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார்."

வக்கீல் சரி என்பதுபோல் கை காட்டினார். சங்கமித்ரா ரிமோட்டை எடுத்தாள்.

"நிறுத்தாத மித்ரா," என்றாள் சிலுவையம்மாள். அவள் எப்போது அங்கே போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. டிவிக்கு ஒரு முழம் தள்ளி, வேதமாணிக்கத்தின் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் ஓரத்துக் கை பக்கம் போகவே இல்லை. "நான் இன்னும் பாத்து முடிக்கல."

பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.